இரு சேலங்களும் மணப்பெண்ணின் பெட்டகமும்

செவ்வாய்ப்பேட்டையில் பழைய சாமான் வாங்கும் கடை ஒன்றின் வாயிலில் சென்ற ஆண்டு ஒரு மரப்பெட்டகம் கிடந்தது. மூடியில் பித்தளைப் பட்டைகள். முகப்பில் கொடியும் மலருமாகச் செதுக்கிய பலகை. வீட்டை இடித்துக் கட்டிய குடும்பத்தார் யாரோ போட்டுவிட்டுச் சென்றனராம். கடைக்காரர் பித்தளையைக் கழற்றித் தனியே நிறுத்துக்கொண்டிருந்தார். "இது யார் வீட்டுப் பெட்டகம்?" என்று வினவினேன். "அது யாருக்குத் தெரியும் பாய்?" என்றார்.

அவ்விடை எனக்கு மற்றொரு சேலத்தை நினைவூட்டிற்று.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையிலும் ஒரு சேலம் உண்டு. 1626-இல் ரோஜர் கோனன்ட் என்பாரும் அவர்தம் கூட்டத்தாரும் குடியேறிய ஊர் அது. நௌம்கியாக் என்று பூர்வகுடிகள் வழங்கிய பெயர் 1629-இல் மாற்றப்பட்டுச் சேலமாயிற்று. 'ஷாலோம்' என்னும் எபிரேயச் சொல்லோடு தொடர்புடைய பெயர் அது. நாம் நாள்தோறும் மொழியும் 'ஸலாம்' அதே வேரிற் கிளைத்ததே. நம் சேலத்தின் பெயரோ மலையைக் குறிக்கும் 'சைலம்' என்பதன் திரிபு என்பர் சிலர்; சேரரோடு இணைப்பர் வேறு சிலர். ஆக, ஊர்ப்பெயர் ஒற்றுமை தற்செயலே. ஆயினும் சொல்ல வந்த செய்தி பெயரோடு நின்றுவிடவில்லை.

இங்கிலாந்திலிருந்து சென்ற தச்சர்கள் அந்நாட்டுக் காடுகளில் ஓக் மரத்தைக் கண்டார்கள். அதை அவர்கள் ரம்பத்தால் அறுத்துப் பலகையாக்கவில்லை. வெட்டிய ஈரம் காயுமுன்பே, ஆப்பு வைத்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் பிளந்தார்கள். இழையோட்டத்தின் வழியே பிளந்த பலகை எளிதில் முறுக்கிக் கொள்வதில்லை. சட்டங்களைத் துளையும் நாக்குமாகப் பொருத்தி, மர முளை அடித்து இறுக்கினார்கள். பசையும் வேண்டியிருக்கவில்லை. நடுப்பலகை சட்டத்தின் காடியில் தளர்வாகவே நிற்கும். மழையில் உப்பவும் வெயிலில் சுருங்கவும் அதற்கு இடமுண்டு. முந்நூறு ஆண்டுகள் கழித்தும் அப்பெட்டிகள் பிளவுபடாது நிற்பதன் சூட்சுமம் இதுவே. உள்ளே ஓரமாகச் சிறு பொருள்களுக்கென ஒரு சிற்றறை. நம் பாட்டிமார் பெட்டகங்களிலும் கண்டதுதான். முகப்பிலே உளியால் இலையும் துலிப் மலரும் செதுக்கிச் சிவப்பும் கறுப்பும் தீட்டினார்கள். இன்று அவற்றைக் காண்போர் வெறும் பழுப்பு மரமாகவே காண்கின்றனர். சாயம் பெரும்பாலும் போய்விட்டது.

அவற்றுள் ஹாட்லி பெட்டிகள் எனப்படுபவை என் மனத்தைக் கவர்ந்தவை. கனெக்டிகட் ஆற்றின் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 1680 முதல் 1730 வரை செய்யப்பட்டவை. இருநூறுக்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. பலவற்றின் முகப்பில் மணமாகப்போகும் பெண்ணின் பெயரெழுத்துகள். ஹன்னா பர்னார்ட் என்பவள் தன் அலமாரியில் முழுப் பெயரையுமே பெரிய எழுத்துகளில் பொறிக்கச் செய்திருந்தாள். 1715-இல் அவளுக்கு மணமாயிற்று. 1717-இல் ஒரு பெண்மகவை ஈன்று மாண்டாள். அம்மகள் அபிகேயில் வளர்ந்து, தாயின் அலமாரியைப் பெற்று, தன் மகளுக்கு ஹன்னா பர்னார்ட் என்றே முழுமையாகப் பெயரிட்டாள். அந்த அலமாரி இப்போது ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆங்கிலச் சட்டப்படி, மணமானதும் பெண்ணின் அசையும் பொருள் கணவனுடையதாகிவிடும். நிலமோ பெரும்பாலும் ஆண்மக்களுக்கே சென்றது. அத்தகைய சமுதாயத்திலே ஒரு பெண் மரத்தில் தன் பெயரைப் பொறித்தாள். மஹரும் சொத்தும் மனைவிக்கே உரியவை என்று ஷரீஅத் வகுத்த நம் வீடுகளிலோ, பெட்டகங்களில் பெண்பெயரை நான் கண்டதில்லை. பித்தளைக் குடத்திலும் அண்டாவிலும் புள்ளி புள்ளியாய்ப் பெயர் வெட்டினோம். அவற்றையும் எவர்சில்வருக்கு மாற்றிக்கொண்டோம்.

நம் துணியும் அப்பெட்டிகளுள் சென்றிருக்கக்கூடும். பாஸ்டனில் 1649-இல் பிறந்த எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் கவர்னராயிருந்தார். அடிமைகளைக் கப்பலேற்றிய பழியும் அக்கால நிர்வாகத்தைச் சாரும். 1718-இல் கனெக்டிகட் கல்லூரிக்கு அவர் அனுப்பிய ஒன்பது சரக்குப் பொதிகளை விற்று 562 பவுன் திரட்டினர். அக்கல்லூரி அவர் பெயரையே சூடிற்று.

பின்னர் அந்தச் சேலத்துக் கப்பல்கள் தாமே கீழ்த்திசை வந்தன. நன்னம்பிக்கை முனையையோ ஹார்ன் முனையையோ கடந்து வந்த மாலுமித் தலைவர்கள் 1799-இல் ஒரு சங்கம் அமைத்து, சென்ற நாடுகளின் அரும்பொருள்களைச் சேர்த்தார்கள். இன்றைய பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தின் தோற்றுவாய் அதுவே. 1839-இல் ஏற்ற நகர முத்திரையில் நிற்பவரும் ஓர் அச்சே நாட்டவர். மிளகு வாணிபத்தின் நினைவாக ஒரு முஸ்லிம் நாட்டு மனிதரின் உருவம்!

அதே அருங்காட்சியகம் 2000-ஆம் ஆண்டில் ஒரு சிறு செதுக்கு அலமாரியை ஏலத்தில் எடுத்தது. ஜேம்ஸ் சைமண்ட்ஸ் செய்ததாகக் கருதப்படும் அது, 1679-இல் ஜோசப் போப், பாத்ஷேபா போப் தம்பதியருக்காகச் செய்யப்பட்டது. விலை இருபத்து நான்கு இலட்சம் டாலர்! அவ்வளவு பெறுமான நல்லோரோ அவர்கள் எனின், இல்லை. 1692-இல் சூனியக்காரர் என்று அப்பாவிகளைத் தூக்கிலிட்ட கொடிய விசாரணைகளில் இத்தம்பதியர் குற்றம் சுமத்தியோர் பக்கம் நின்றனர். மார்த்தா கோரி என்ற பெண்மணி மீது பாத்ஷேபா செருப்பையே எறிந்தாள். ஆயினும் அலமாரியின் கதவிலே இருவர் பெயரெழுத்தும் ஆண்டும் இருந்தன. சந்ததியார் முந்நூறாண்டு அதைக் கைவிடவுமில்லை. ஆதலின் நன்மையும் தீமையும் சேர்ந்தே நமக்குத் தெரியவருகின்றன.

மறுவாரம் செவ்வாய்ப்பேட்டைக்குச் சென்றபோது பெட்டகம் இல்லை. முகப்புப் பலகையை மட்டும் யாரோ உணவு விடுதி அலங்காரத்துக்கு வாங்கிப் போனதாகக் கடைக்காரர் சொன்னார்.

வீடு திரும்பி எங்கள் நன்னியின் பெட்டகத்தைத் திறந்து, மூடியின் உட்புறத்தில் அவர் பெயரை மையால் எழுதினேன். நிக்காஹ் நடந்த ஆண்டு எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்வதற்கு மூத்த அக்கா ஒருவரே எஞ்சியிருந்தார்.