வலைப்பக்கம் திறக்கும் நேரத்தை அளத்தல்

இணைப்பைச் சொடுக்கியதிலிருந்து பக்கம் பயன்படுத்தத் தக்கதாகத் திரையில் வரும்வரை ஆகும் காலத்தைக் கணக்கிடும் முறை. மென்பொருள் செயல்திறன் சோதனையின் ஒரு கூறு. கடிகாரத்தை எப்போது ஓடவிடுவது என்பதில் பெரிய தகராறு இல்லை. எப்போது நிறுத்துவது என்பதில்தான் கருத்துகள் மாறிக்கொண்டே வந்துள்ளன.

காத்திருப்பைப் பற்றிய ஆய்வு வலைக்கும் முந்தியது. கணினியின் பதிலுக்கு மனிதர் எவ்வளவு நேரம் பொறுப்பர் என்று ராபர்ட் மில்லர் 1968-இல் எழுதினார். யாக்கோப் நீல்சன் 1993-இல் 0.1, 1, 10 நொடி என்ற மூன்று வரம்புகளைப் பரவலாக்கினார். 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறு வேலைக்குப் போய்விடும் என்பது அவர் கணிப்பு.

தொடக்கக் காலச் சோதனைகள் சர்வரையே பார்த்தன. 1998-இல் ஸ்டெஃபானோ மட்சோக்கி உருவாக்கிய ஜேமீட்டர், ஒரே நேரத்தில் பல பயனர்கள் வருவதுபோல் கோரிக்கைகளை அனுப்பிப் பதில் வரும் நேரத்தைக் குறிக்கும். ஆனால் அது உலாவி அல்ல: பக்கத்திலுள்ள ஜாவாஸ்கிரிப்டை இயக்காது, திரையில் எதையும் வரையாது. அதன் ஆவணமே இதைச் சொல்கிறது. இருந்தும் ஜேமீட்டர் காட்டும் எண்ணைப் பக்கம் திறக்கும் நேரமாகவே அறிக்கையில் எழுதும் வழக்கம் போகவில்லை.

இந்தப் பார்வையைத் திருப்பியவர் யாஹூவில் பணியாற்றிய ஸ்டீவ் சவுடர்ஸ். பயனர் காத்திருக்கும் நேரத்தில் 80 முதல் 90 விழுக்காடு உலாவியின் பக்கமே கழிகிறது என்று தம் 2007-ஆம் ஆண்டு நூலில் காட்டினார். அப்போது பக்கத்தின் முடிவாகக் கொள்ளப்பட்டது ‘ஆன்லோட்’ நிகழ்வு. படங்கள் உட்படக் கோப்புகள் எல்லாம் வந்தபின் உலாவி தரும் அறிவிப்பு அது. ஜாவாஸ்கிரிப்ட் பெருகியபின் அதை நம்ப முடியவில்லை. சில பக்கங்களில் ஆன்லோட் வந்த பிறகுதான் உள்ளடக்கமே வரத் தொடங்கும். சிலவற்றில் வாசகர் பாதி படித்து முடித்தபின்தான் அது வரும்.

ஏஓஎல் நிறுவனத்தில் பேட்ரிக் மீனன் உருவாக்கி, 2008-இல் பொதுவில் விடப்பட்ட வெப்பேஜ்டெஸ்ட், உண்மையான உலாவியில் பக்கத்தைத் திறந்து பார்த்தது. 2012-இல் அதில் சேர்ந்த ‘ஸ்பீடு இண்டெக்ஸ்’, திரையின் காணொளிப் பதிவைக் கொண்டு பக்கம் எவ்வளவு விரைவாகக் கண்ணுக்கு நிறைகிறது என்று கணக்கிட்டது. அதே ஆண்டு வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, பக்கம் கோரப்பட்டதிலிருந்து ஆகும் நேரங்களை உலாவியே தரும் ‘நேவிகேஷன் டைமிங்’ தரத்தை ஏற்றது. அதுவரை பக்கத்தின் தலையில் ஒரு நேரக்குறிப்பை எழுதி அங்கிருந்து எண்ணுவார்கள். சர்வருக்காகக் காத்திருந்த நேரம் அந்தக் கணக்கில் வராமலே போகும்.

2020-இல் கூகுள் ‘கோர் வெப் வைட்டல்ஸ்’ அளவீடுகளை அறிவித்தது. அவற்றின்படி, பக்கத்தின் மிகப்பெரிய படமோ எழுத்துத் தொகுதியோ 2.5 நொடிக்குள் தோன்ற வேண்டும். சராசரி எடுத்தால் மெதுவான இணைப்பில் இருப்பவர் மறைந்துவிடுவார். ஆகவே நூறில் 75 வருகைகளிலாவது இந்த வரம்பு நிறைவேற வேண்டும் என்று வைத்தார்கள். இந்த அளவீடுகளுள் முதல் சொடுக்கின் தாமதத்தை மட்டும் பார்த்த ஒன்று 2024 மார்ச் 12 அன்று விலக்கப்பட்டு, பக்கத்தில் இருக்கும் காலம் முழுவதிலும் நிகழும் சொடுக்குகளைக் கணக்கில் கொள்ளும் ‘ஐஎன்பி’ அதனிடத்தில் வந்தது.