புழுக்கத்தில் ஓடியவர்கள்

திருவிதாங்கூரில் நெடுந்தூர ஓட்டம் முதலில் விளையாட்டல்ல, அரசாங்க வேலை. மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில் (1729–58) வேர்விட்ட அஞ்சல் ஏற்பாடு, அரசின் ஓலைகளையும் பத்மநாபசுவாமி கோயிலுக்கான பூ, காய்கறிகளையும் சுமந்தது. 1811 முதல் 1814 வரை திவானாகவும் இருந்த பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கர்னல் மன்றோ அதை ஒழுங்குபடுத்தினார். பின்னர் பொதுமக்களின் கடிதங்களும் சேர்ந்தன. 1888இல் சங்குச் சின்னத்துடன் தபால்தலைகள் வெளிவந்தன. நாகர்கோவிலும் தக்கலையும் அன்று திருவிதாங்கூரில்தான் இருந்தன என்பதால், குமரி மாவட்டத்தவருக்கும் இது சொந்தக் கதையே.

அஞ்சலோட்டக்காரரின் கையில் மணி கட்டிய கோல் இருக்கும், தோளில் பை. மணிச்சத்தம் கேட்டால் எதிரே வருபவர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும், மறிப்பது குற்றம். அதே சத்தம்தான் அடுத்த நிலையில் காத்திருப்பவரைத் தயாராக்கும். பை கைமாறியதும் அவர் ஓடுவார், வந்தவர் திண்ணையில் சாய்வார். ஒரே ஆள் நாள் முழுக்க ஓடியதாக நினைத்துக்கொள்வது மிகை. தூரத்தைப் பல பேருக்குப் பங்கிட்டுவிட்டதால்தான் அந்தப் புழுக்கத்திலும் தபால் நிற்காமல் போயிற்று. 1938இல் அரசுப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 1951இல் திருவிதாங்கூரின் அஞ்சல் துறை இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. அதன் பச்சை நிற இரும்புப் பெட்டிகள் சில இன்றும் கேரளத் தெருக்களில் நிற்கின்றன.

விளையாட்டாக ஓடும் காலம் அதையொட்டியே வந்தது. 1954இல் ஜி.வி. ராஜா தலைமையில் விளையாட்டு மன்றம் உருவானது. 1985இல் காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி திறக்கப்பட்டது.

மாரத்தானின் 42.195 கிலோமீட்டரை யாரோடும் பங்கிட முடியாது. திருவனந்தபுரத்தில் வெப்பமானி 35 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அபூர்வம். ஆளை வாட்டுவது காற்றிலுள்ள ஈரம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஈரக்காற்றில் அது ஆவியாகாமல் சொட்டிப்போகிறது. நீரும் உப்பும் போனதுதான் மிச்சம். ஓடுபவர்கள் விடியற்காலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதும் அந்நேரத்தில்தான், ஆனாலும் வெயில் இல்லாததே பெரிய லாபம். வெப்பத்தில் தினமும் ஓடிவந்தால் 10 முதல் 14 நாட்களில் உடம்பு பழகிவிடும்: ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே அரும்பும், அதில் உப்பு குறையும், நாடித்துடிப்பு தணியும். சில வாரம் விட்டுவிட்டால் இந்தப் பழக்கமும் போய்விடும். எவ்வளவு பழகினாலும் குளிர்நாட்டில் ஓடும் வேகத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது.

எதிர்பார்த்தால் என்ன ஆகும் என்பதை 2019 தோஹா உலகத் தடகளப் போட்டி காட்டியது. பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கியும் வெப்பம் 32 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். கேரளக் கடற்கரையின் கோடைப் பிற்பகலுக்கு ஏறக்குறைய நிகர். புறப்பட்ட 68 பேரில் 40 பேரே ஓடி முடித்தனர்.

கேரளத்தின் பேர்பெற்ற மாரத்தான் வீரர்களில் இருவர் கடற்கரைக்காரர்கள் அல்ல, வயநாட்டு மலைப்பகுதியில் பிறந்தவர்கள். 2015இல் பெய்ஜிங்கில் 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் ஓடி தேசியச் சாதனை படைத்த ஓ.பி. ஜெய்ஷா, மறு ஆண்டு ரியோ ஒலிம்பிக்கின் வெயிலில் 2 மணி 47 நிமிடத்துக்குப் பிறகே எல்லைக்கோட்டை எட்டி, அங்கேயே மயங்கி விழுந்தார். வழியில் போதிய தண்ணீர் கிடைக்கவில்லை என்றார் அவர்; தடகளக் கூட்டமைப்பு அதை மறுத்தது. அதே ரியோவில் 25ஆம் இடம் பெற்ற தோணக்கல் கோபி, 2017இல் சீனாவின் டோங்குவானில் ஆசிய மாரத்தான் பட்டத்தை வென்றார். இந்திய ஆண் ஒருவர் அதை வென்றது அதுவே முதல் முறை.