மணமுறியும் மனைவியின் மதிப்பும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஓர் ஒப்புநோக்கு

கணவன் தன் மனைவியைத் தன்னினும் மேலாக மதித்தல் வேண்டும் என்பது தல்மூது வழிவந்த யூத அறிஞர்தம் போதனை. அம்மரபு இவ்வறிவுரையோடு அமையாது, மதிப்பினை எழுத்திலும் பொறித்தது. 'கெத்துபா' எனும் மணமுறி, மணமுறிவின்போதோ கணவன் இறந்தபோதோ மனைவிக்குரிய தொகையை வரையறுத்தது. கன்னிக்கு 200 சூஸ், கைம்பெண்ணுக்கு 100 சூஸ் என்பது பண்டைய அளவு. எனினும் அம்முறியில் ஒப்பமிட்டோர் மரபுப்படி சாட்சிகளே, மணமகள் அல்லள். மனைவியின் இசைவின்றி அவளை விலக்கலாகாது என்னும் விதி, ஏறத்தாழ கி.பி. 1000இல் வாழ்ந்த ரப்பி கெர்ஷோம் பெயரால் ஐரோப்பிய யூதரிடையே நிலைபெற்றது. எனவே மதிப்புக்கு இரு அளவுகோல்கள் உள எனலாம்: ஒன்று பொருட்காப்பு, மற்றையது இசைவு.

இவ்வளவுகோல்களைக் கொண்டு, புத்தளம், கற்பிட்டிக் கரையோர முஸ்லிம்களின் மணவாழ்வை ஆண்ட சட்டத்தை நோக்குதல் பயனுடைத்து. இஸ்லாமிய மரபில் கணவன் அளிக்கும் மஹர் மனைவியின் தனியுடைமை. இலங்கையிலோ பெண் வீட்டார் மணமகனுக்கு அளிக்கும் கைக்கூலியும் அதனோடு வழக்கில் நிலவியது. 1806ஆம் ஆண்டின் முகம்மதியச் சட்டக்கோவை 1852இல் நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. பின்னர் இயற்றப்பட்ட 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம், மஹரையும் கைக்கூலியையும் காதியார் முன் கோரிப்பெறும் உரிமையை மனைவிக்கு வழங்கிற்று. பொருட்காப்பு இவ்வாறு ஏற்கப்பட்டது.

இசைவின் நிலை வேறு. அச்சட்டம் பதிவேட்டில் மணமகளின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. காதிப் பதவியை ஆண்களுக்கே உரித்தாக்கியது. காரணம் கூறாமலே தலாக் உரைக்கவும் கணவனுக்கு இடமளித்தது.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெருந்தொகையினர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். வீடும் நிலமும் நகையும் இழந்த குடும்பங்களில், மணமுறிவு பெண்ணை எத்துணை வறுமைக்குட்படுத்தும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. சட்டத் திருத்தம் கோரி எழுந்த குரல்களில் புத்தளப் பெண்களின் குரலும் ஒன்று. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, 2018இலேயே தன் அறிக்கையைக் கையளித்தது. உறுப்பினரிடையே ஒருமித்த கருத்தும் ஏற்படவில்லை.

மனைவியைப் போற்றுமாறு போதியாத சமயம் அரிது. அப்போதனை உரிமையாவது, அவளுக்குரிய பொருளோடு அவளது சொல்லும் ஆவணத்தில் இடம்பெறும்போதேயாகும். யூத மரபு காட்டும் பாடமும், புத்தளப் பெண்கள் வேண்டி நின்ற நீதியும் இதுவே.