அருவிக்குப் படம் உண்டு, ஆளுக்குப் பெயர் இல்லை

எங்க பாட்டி தென்காசிப் பக்கத்துச் சேரியில் பிறந்தவள். ஆனி ஆடிச் சாரல் அவள் கூரை மேலும்தான் விழுந்தது. ஆனால் சின்ன வயசில் குற்றால அருவிக்கு அடியில் தலையைக் கொடுத்து நின்றதில்லை. “நமக்கு ஆத்துத் தண்ணிதாம்ல. மேல குளிச்சவுக அழுக்கெல்லாம் சுமந்துக்கிட்டு நம்மகிட்ட வரும்” என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

இதைக் கிழவி கதை என்று ஒதுக்க முடியாது. 1934 ஜனவரியில் காந்தி குற்றாலம் வந்தார். தீண்டப்படாதவர்களுக்கு அருவியில் இடமில்லை என்று தெரிந்ததும், தானும் குளிக்காமல் திரும்பினார். அவர் திரும்பிப் போனது வரலாற்றில் ஏறிவிட்டது. திரும்பிப் போகக்கூட அங்கே கால் வைக்க முடியாதவர்கள் ஏறவில்லை.

எங்களைச் சேர்க்காத அந்த அருவி, அதற்கு 130 வருஷம் முன்பே சீமைக்குப் போய்விட்டது. தாமஸ் டேனியல், அவர் அண்ணன் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள் 1792-93இல் தெற்கே சுற்றினார்கள். 1795 முதல் 1808 வரை லண்டனில் அவர்கள் வெளியிட்ட 144 இந்தியக் காட்சிகளில் குற்றால அருவியும் உண்டு, பாபநாச அருவியும் உண்டு. இந்தியா என்றால் இப்படித்தான் இருக்கும் என்று சீமைத் துரைமார்கள் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் மனசில் எழுதிக்கொண்டார்கள். பாறை, தண்ணீர், மரம், எல்லாம் அழகு. அந்தத் தண்ணீரில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்பது எந்த அழகுப் படத்திலும் தெரியாது.

அந்தக் காலத்தில் ஓவியனும் செடி ஆராய்ச்சிக்காரனும் ஏறக்குறைய ஒரே பாதையில் நடந்தார்கள். இரண்டையும் சேர்த்துக் கட்டியவர் என்று உலகம் கொண்டாடுவது ஜெர்மானியர் அலெக்சாண்டர் ஹம்போல்ட்டை (1769-1859). 1802இல் தென்னமெரிக்காவின் சிம்பொராசோ மலையில் ஏறினார். எந்த உயரத்தில் எந்தச் செடி முளைக்கிறது என்பதை 1807இல் ஒரே படத்தில் காட்டினார். பிரெடரிக் சர்ச் என்ற அமெரிக்க ஓவியர் அவர் நடந்த தடத்தில் போய், 1859இல் ஆண்டீஸ் மலையைப் பெரும் ஓவியமாகத் தீட்டினார். ஹம்போல்ட் இமயமலைக்கும் வரத் துடித்தார். கும்பினி கடைசி வரை வழிவிடவில்லை.

ஹம்போல்ட்டை நான் மதிக்கிறேன். கியூபாவைப் பற்றி எழுதியபோது கரும்புத் தோட்ட அடிமை முறையைக் கடுமையாகச் சாடி ஒரு அத்தியாயமே எழுதினார். 1856இல் அந்தப் புத்தகத்தை அமெரிக்காவில் ஆங்கிலத்தில் போட்டவர் அந்த அத்தியாயத்தை மட்டும் வெட்டிவிட்டார். கிழவர் கோபப்பட்டுப் பத்திரிகையில் கண்டனம் எழுதினார். மலை மிஞ்சியது, செடி மிஞ்சியது, அடிமையைத்தான் காணோம். இது கியூபாவில் மட்டும் நடக்கிற காரியமா?

குற்றாலத்துக்கு வருவோம். எங்கள் மலையின் ஹம்போல்ட் என்று சொல்லத்தக்கவர் ராபர்ட் வைட். ஸ்காட்லாந்துக்காரர். 1819இல் கும்பினி மருத்துவராகச் சென்னைக்கு வந்தவர். 1830களின் நடுவில் பாளையங்கோட்டையில் இருந்தபோது குற்றாலத்துச் செடிகளை ஆராய்ந்து எழுதினார். 1838 முதல் 1853 வரை அவர் கொண்டுவந்த தாவரப் பட நூல் ஆறு பாகம், 2101 படங்கள். இன்றைக்கும் மேற்கு மலைச் செடிகளைப் படிக்கிறவர்கள் அதைத் தொடாமல் நகர முடியாது.

அந்தப் படங்களை வைட் வரையவில்லை. ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள் வரைந்தார்கள். இதை வைட் மறைக்கவில்லை. கோவிந்து பெயரை ஒரு ஆர்க்கிடுக்கே வைத்தார். பின்னால் வந்த அறிஞர்கள் அந்தச் செடியை வேறு இனத்தோடு சேர்த்தார்கள், கோவிந்து பெயர் வழக்கொழிந்தது. வைட் பெயரோ இன்னும் எத்தனையோ செடிகளின் வாலில் தொங்குகிறது.

படம் போட்டவனுக்காவது பெயர் இருந்தது. செடி பறித்தவனுக்கு? வைட் கூலிக்கு ஆள் வைத்துத்தான் செடி சேர்த்தார். அட்டை கடிக்க வழுக்குப் பாறையில் ஏறியவன், பூவும் காயும் வேரும் சிதையாமல் கொண்டுவந்து கொடுத்தவன் அவன். காய வைத்த செடி எடின்பரோவுக்கும் கியூவுக்கும் போனது. தாளில் ‘சேகரித்தவர்: வைட்’ என்று ஏறியது. ஏறிய ஆளெல்லாம் எங்க ஆளுதான் என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. பளியரோ, காணிக்காரரோ, சேரி ஆளோ, யாராக இருந்தாலும் அவன் பெயர் எங்கே என்றுதான் கேட்கிறேன்.

வெள்ளைக்காரனை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. திருகூட ராசப்பக் கவிராயரின் ‘குற்றாலக் குறவஞ்சி’யில் மலை வளத்தைச் சொல்கிறவள் குறத்தி. மலை அவள் வாயில் இருக்கிறது. அதைப் பாடியதற்கு மதுரை நாயக்க மன்னர் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். குறத்தி பெயரில் மேடு, மேடு கவிராயருக்கு.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இதே மலைத்தொடரில் அகத்தியமலைக்குப் போகட்டும். 1987இல் கேரளப் பக்கம் ஆராய்ச்சியாளர்களோடு வழிகாட்டியாக நடந்த காணிக்காரர்கள் சோர்வே இல்லாமல் ஏறினார்கள். அவர்கள் மென்ற ஆரோக்கியப்பச்சைக் காயிலிருந்து பின்னால் ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தது. சொல்லிக்கொடுத்தவர் யார் என்பது பதிவில் இருந்தது. அதனால்தான் உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவானது. 1997இல் அதற்கு அறக்கட்டளையும் அமைந்தது. பெயர் இருந்தால் பங்கு கேட்கலாம். பெயர் இல்லாதவனுக்குக் கூலியோடு கணக்கு முடிந்தது.

எங்க பாட்டி விறகுக்கும் நன்னாரி வேருக்கும் அந்த மலையடிவாரத்தில் நடந்தவள். இலையைக் கசக்கி மோந்து பார்த்தே பெயர் சொல்வாள். எந்தப் புத்தகமும் அவளிடம் கேட்டு எழுதவில்லை. நானும் கேட்டு எழுதி வைக்கவில்லை. பள்ளிக்கூடம் போய்ப் படித்த திமிர் எனக்கு. அவள் போனபோது அந்தப் பெயர்களும் போயின.

அருவியைப் பற்றி எழுத இனியும் ஆள் வரும். எழுதுகிறவர்கள் நம் கிழவிகளிடம் முதலில் போங்கள். செடிப் பெயரைக் கேளுங்கள். அதற்குப் பக்கத்தில், சொன்னவள் பெயரையும் எழுதுங்கள்.