காலும் வகரமும்: ஒரு பின்னக் குறி கணினிக்குள் வந்த வரலாறு

காரைக்கால் காவிரியின் கடைமடை. 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954 நவம்பர் 1 அன்று இந்திய ஆட்சியின்கீழ் வந்த பகுதி. ஆட்சி மாறினாலும் வயலை அளக்கும் சொல் மாறவில்லை. சுற்றியுள்ள தஞ்சை நாட்டைப் போலவே இங்கும் நிலத்தை 'மா'க் கணக்கில் பேசுவர். ஒரு வேலியின் இருபதில் ஒரு பங்கு மா. ஏறத்தாழ 33 சென்ட். 1/20 என்னும் பின்னத்திற்கும் அதுவே பெயர்.

நம் முன்னோர் அரை, கால், அரைக்கால், மா, காணி (1/80), முந்திரி (1/320) எனப் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயரும் தனித்தனிக் குறியும் வைத்திருந்தனர். முந்திரிக்கும் கீழே போக வேண்டின், 'கீழ்' என்னும் குறி எந்தப் பின்னத்தையும் மேலும் 320ஆல் வகுத்துவிடும், கீழ்முந்திரி 1/1,02,400. திண்ணைப் பள்ளிச் சிறுவர் எண்சுவடியில் இவற்றை மனனம் செய்தனர். 1957இல் பதின்ம நாணயமும், அதை ஒட்டி மெட்ரிக் அளவைகளும் வந்தபின் இக்கணக்கு வழக்கொழிந்தது. தட்டச்சுப்பொறியிலும் இக்குறிகளுக்கு இடமில்லை. ஓலையிலும் பழைய கணக்கேடுகளிலும் மட்டும் அவை தங்கின.

இவற்றுள் கால் என்பதன் குறி தமிழ் படித்தோர்க்கு அறிமுகமானதே. அதன் வடிவம் 'வ'. எட்டின் வடிவம் 'அ'வை ஒத்தது. கம்பருக்கு விடையாக ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடலின் வசை இந்த ஒப்புமையில்தான் நிற்கிறது: எட்டையும் காலையும் சேர்த்தால் 'அவ', அதனோடு லட்சணம் சேர்ந்தால் அவலட்சணம்.

பாடலுக்குச் சுவையூட்டிய இவ்வொப்புமை கணினிக்குச் சிக்கலாயிற்று. கணினி வடிவத்தைச் சேமிப்பதில்லை. எழுத்துக்குரிய எண்ணைச் சேமிக்கிறது. வடிவம் ஒன்றென்பதால் காலுக்கும் வகரத்தின் எண்ணையே தருவதா, தனியெண் தருவதா? ஒரே எண் தந்தால், கணக்கேட்டில் கால் வரும் இடங்களைத் தேடுவோர்க்கு வகரம் வரும் சொற்களெல்லாம் வந்து குவியும். கால் எங்கே, வகரம் எங்கே என்று பொறிக்குத் தெரியாது.

எட்டு முதலிய தமிழ் இலக்கங்களுக்கு ஒருங்குறியின் தொடக்கக் காலத்திலேயே தனியிடம் கிடைத்தது. சுழியத்திற்கு 2005இல்தான் கிடைத்தது. பின்னங்கள் மேலும் காத்திருந்தன. ஸ்ரீரமண சர்மாவின் முன்மொழிவை ஒட்டி நெடுநாள் விவாதம் நடந்து, 2019 மார்ச்சில் வெளியான ஒருங்குறி 12.0இல் 51 குறிகள் கொண்ட தனித்தொகுதி இடம்பெற்றது. கால், மா, முந்திரி, கீழ் ஆகியவற்றுடன் குழி, வேலி, நன்செய், புன்செய், உப்பளம் ஆகியவற்றின் குறிகளும் அதில் உள்ளன. காலுக்கு வகரத்தினின்று வேறான எண் வழங்கப்பட்டது.

எத்தியோப்பியாவின் கீயெஸ் எழுத்துகளில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். அங்கே 'ஹ' வரிசைகள் மூன்று. இன்றைய அம்காரிய மொழியில் மூன்றும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. ஆயினும் 1999இல் ஒருங்குறி 3.0 அவ்வெழுத்துகளை ஏற்றபோது மூன்றுக்கும் வெவ்வேறு எண்களைத் தந்தது. பழைய நூல்களில் அவை வெவ்வேறு எழுத்துகள் என்பதே காரணம். ஆக, ஓர் எழுத்தின் அடையாளத்தை ஒலி மட்டுமோ வடிவம் மட்டுமோ தீர்மானிப்பதில்லை. அதை எழுதியவர் எதுவாகக் கருதி எழுதினார் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

எண் கிடைத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. இக்குறிகளைக் காட்டும் எழுத்துருக்கள் சிலவே. நோட்டோ குடும்பத்தில் இதற்கெனத் தனி எழுத்துரு உண்டு. வழக்கமான விசைப்பலகையிலோ இவற்றுக்கு விசை இல்லை. எனவே ஓலைக் கணக்குகளைத் தட்டச்சிடுவோர் கைக்கு எளிதான வகரத்தை இட்டுச் செல்ல நேரிடும். அச்சில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் நாளை அந்தக் கணக்கில் தேடும் பொறிக்கு அது ஒரு வெற்றெழுத்து. யாரோ ஒருவரின் நிலத்தில் காற்பங்கு அங்கே காணாமற் போயிருக்கும். சுவடிப் பதிப்பில் ஈடுபட்டுள்ள நண்பர்கள் உரிய குறியையே தேடி இடவேண்டும் என்பது நம் வேண்டுகோள்.