கணக்கில் இருக்கிற சனங்கள்

"எம்.ஏ. வரலாறு படிச்சா என்ன கெடைக்கும்?" ஏரிக்கரையில் இன்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எனக்கு வகுப்பில் கிடைத்த பழவேற்காடு இது: 1613-ல் எழுந்த கெல்டிரியா கோட்டை, டச்சுக் கம்பெனி, துணி ஏற்றுமதி. அதோடு பாடம் முடிந்தது. 1620களில் இதே கரையிலிருந்து படேவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் பற்றி ஒரு வரி இல்லை. பஞ்சத்திலும் போரிலும் விலைபோன சனங்கள். என்ன சாதி, எந்த ஊர் என்ற கேள்வியே வகுப்பில் எழவில்லை. டச்சுக்காரர் கல்லறைகளைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. இவர்களுக்குக் கல் ஏது? துணியைப் போலவே சரக்காகக் கம்பெனிக் கணக்கில் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஏரியின் கதையும் அப்படித்தான். யார், எந்த நாள், எங்கே வலை போடுவது என்பதைப் பட்டினவர் ஊர்கள் 'பாடு' வைத்துத் தீர்மானித்தன. ஆய்வாளர்கள் மெச்சுகிற ஏற்பாடு. அந்தப் பாட்டில் பங்கில்லாத சேரிச் சனம் தண்ணிக்குள்ளே கையால் தடவி இறால் பிடித்தது. அந்தக் கையிலிருந்து ஏரியின் வரலாற்றை எழுத யார் இருக்கிறார்கள்?

கம்பெனி ஏடுகள் நெதர்லாந்தில், ஹேக் நகரிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் கிடக்கின்றன. எல்லாம் பழைய டச்சுக் கையெழுத்து. நம்ம புள்ளைங்க வரலாறும் படிக்கணும், அந்தப் பாஷையும் படிக்கணும்.