இன்சுலின் போடுமுன் மூடியின் நிறத்தைப் பாருங்கள்

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். நர்சிங் மாணவர்கள் முதலில் கற்கும் இந்த ஐந்தும் வீட்டில் அத்தாவுக்கோ அம்மாவுக்கோ இன்சுலின் போடும் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

அளவு: நம் நாட்டில் இன்சுலின் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரு வகையில் கிடைக்கிறது. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உடலில் ஏறுவது 50 யூனிட். சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். மாற்றி எடுத்தால் 8 யூனிட்தான் சேரும்.

பாதுகாப்பு: திறக்காத குப்பியை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள், உறையக் கூடாது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வெயிலில் ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், நனையாதபடி உறையிலிட்டு, ஈர மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம்.

நோன்பு: ஸஹர், இஃப்தார் அளவுகளை ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் உடனே நோன்பை விடுங்கள். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை அளித்திருக்கிறான். அதை ஏற்பது குறையல்ல.